விளங்காத ஒளி, விளங்காத சிக்னல்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தொலைநோக்கி எடுத்துப் போகிறேன். நிலாவையும் சனியையும் காட்டி முடித்ததும் பேச்சு பறக்கும் தட்டில்தான் வந்து நிற்கும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் விடாமல் கேட்கிறார்கள். முன்பெல்லாம் "நான் பார்த்தேன்" என்பார்கள். இப்போது "ரேடார்ல பதிவாச்சாமே", "சிக்னல் வந்துச்சாமே" என்கிறார்கள். கருவி என்று வந்துவிட்டால் சந்தேகமே கூடாது என்று ஒரு பக்கம், எல்லாமே புருடா என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் கேட்டதை அவர்கள் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யுஎஃப்ஓன்னா வேற்றுகிரகத்துக்காரங்க வண்டிதானே சார்?

வானத்தில் ஒன்றைப் பார்த்து, அது என்னவென்று சொல்ல முடியாவிட்டால் அது யுஎஃப்ஓ. அவ்வளவுதான். பார்த்தவருக்குக் கிடைத்த தகவல் போதவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் கலந்துவிடுகின்றன. தொலைதூர நட்சத்திரங்களின் பக்கமிருந்து ரேடியோ சிக்னல் வருகிறதா என்று வானியலாளர்கள் தேடுவது ஒன்று. நம் தலைக்கு மேலே, வளிமண்டலத்துக்குள் தெரியும் விளங்காத பொருள்களை ஆராய்வது இன்னொன்று. கருவிகளும் ஆட்களும் வேறு வேறு. ஆனால் ஒரு பதிவை எப்போது நம்புவது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொது. அதனால் கீழே இரண்டிலிருந்தும் உதாரணம் எடுத்திருக்கிறேன்.

நம்ம பக்கம் வானத்துல தெரியறது பெரும்பாலும் இன்னாவா இருக்கும்?

முதல் சந்தேகம் வெள்ளி கிரகத்தின் மேல்தான். சூரியனும் நிலாவும் போக வானில் அதைவிடப் பிரகாசமான கோளோ நட்சத்திரமோ கிடையாது. அடிவானத்துக்கு அருகே இருக்கும்போது காற்றின் அசைவால் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும். பைக்கில் போகிறவருக்கு அது கூடவே வருவது போலவும் தெரியும். 2019 மே மாதத்துக்குப் பிறகு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சேர்ந்துகொண்டன. ஏவிய சில நாட்களுக்கு, ரயில் பெட்டி கோத்தது போல வரிசையாகப் போகும். எனக்கு வரும் விசாரிப்புகளில் பெரும்பங்கு இந்த வரிசையைப் பற்றியதுதான்.

நம் பக்கத்துக்கென்றே சில உண்டு. ஸ்ரீஹரிகோட்டா வேலூருக்கு வடகிழக்கே சுமார் 150 கிலோமீட்டர்தான். இரவில் ராக்கெட் ஏறினால், வானம் தெளிவாக இருக்கும்போது, மலைமேல் நிற்பவர் கண்ணுக்கு அந்த நெருப்பு தப்பாது. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. நீள்தூர ரோந்து விமானங்கள் அங்கிருந்து கிளம்புகின்றன. 2020 நவம்பரிலிருந்து ஆளில்லாத சீ கார்டியன் விமானங்களும் அங்கிருந்தே இயங்குகின்றன. இரவில் மெதுவாகச் சுற்றும் ஒளியைப் பார்த்தால், அரக்கோணம் எந்தத் திசை என்று முதலில் யோசியுங்கள். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலையுச்சியில், 2,668 அடி உயரத்தில், எரியும் கொப்பரையும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அசையாத செந்நிற நட்சத்திரம் போலவே இருக்கும். கல்யாண மண்டபத்து டிரோன்களைச் சொல்லவே வேண்டாம்.

மொபைல்ல வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். அது ஆதாரம் ஆவாதா?

ஆகலாம், ஆனால் தனியாக நிற்காது. லென்ஸுக்குள்ளேயே ஒளி பட்டுத் திரும்பி ஒரு போலிப் புள்ளியை உண்டாக்கும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தில் உள்ள பெரிய விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் அந்த மர்ம ஒளி இருந்தால் அது லென்ஸின் வேலை. போனை அசைக்கும்போது அது எதிர்த்திசையில் ஓடும்.

ஃபோகஸ் தவறினால் ஒளிப்புள்ளி ஊதிப் பெருத்து, லென்ஸ் துவாரத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 2019-ல் எடுத்த முக்கோண வடிவப் பொருள்களின் வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. இரவுப் பார்வைக் கருவி வழியாகக் கேமராவில் பதிந்ததால் வந்த வடிவம் அது என்று 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையிலேயே கடற்படை உளவுத்துறை அதிகாரி சொன்னார்.

உங்கள் வீடியோவுக்கு மதிப்புக் கூட வேண்டுமானால் ஒளியை மட்டும் ஜூம் செய்யாதீர்கள். ஒரு மரமோ மாடிச் சுவரோ செல்போன் டவரோ சட்டகத்துக்குள் இருக்கட்டும். எடுத்த கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் கேமரா விவரமும் போய்விடும்.

கண்ணு ஏமாத்தும், சரி. கருவி பொய் சொல்லாதுல்ல?

கருவி பொய் சொல்லாது. தன்மீது வந்து விழுந்ததைச் சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் விசித்திரமான சிறு வெடிப்புகள் பதிவாகிக்கொண்டிருந்தன. விண்வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு உள்ள குணம் அதற்கும் இருந்தது. ஆனால் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. பெரிட்டான் என்று பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் குழம்பினார்கள். பிறகு, தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே உள்ளூர் ரேடியோ இரைச்சலை மட்டும் கண்காணிக்கத் தனிக் கருவி ஒன்றை நிறுவினார்கள். பெரிட்டான் வரும் அதே கணத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் இருப்பதை அது காட்டியது. ஊழியர்கள் மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்தபோது வந்த சிக்னல் அது. 2015-ல் இதை அவர்களே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

தொலைநோக்கியின் பதிவு முழு உண்மை. அதை விளக்கியது இரண்டாவது கருவி. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான், அதனால் இந்தக் கதைக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

ரேடார்ல புள்ளி விழுந்தா அங்க ஒரு பொருள் இருந்தே ஆவணும் இல்லையா?

வேண்டியதில்லை. வேலூருக்கு நேர் வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருப்பதி போகும் வழியில், காதங்கி என்ற ஊர் இருக்கிறது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அந்தச் சித்தூர்ச் சீமை நம் வடாற்காட்டோடு சேர்ந்ததுதான். அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பெரிய ரேடார் ஒன்று உண்டு. 1,024 ஆண்டெனாக்கள் வயல்போலப் பரந்து நிற்கும். அது பார்ப்பது விமானத்தை அல்ல, வெறுங்காற்றை. காற்றின் வெப்பமும் ஈரமும் மாறும் இடத்திலிருந்தே எதிரொலி கிடைக்கிறது. எரிகல் விட்டுச்செல்லும் மின்னூட்டப் பாதையிலிருந்தும் கிடைக்கிறது. எதிரொலி வந்தது என்பதால் தகடும் ஆணியும் வைத்த ஒரு பொருள் அங்கே இருக்கிறது என்று ஆகிவிடாது.

விமான நிலைய ரேடாரிலும் இது நடக்கும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேலே சூடான காற்றும் படிந்தால் ரேடார் கதிர் வளைந்து தரைக்குத் திரும்பும். எங்கோ தூரத்தில் உள்ள கட்டடமோ வண்டியோ வானத்தில் இருப்பது போலத் திரையில் தெரியும். 1952 ஜூலையில் இரண்டு வார இறுதிகளில் வாஷிங்டன் விமான நிலைய ரேடாரில் விளங்காத புள்ளிகள் தெரிந்து அமெரிக்காவே பரபரத்தது. ஜூலை 29-ல் விமானப்படை இதே வெப்பத் தலைகீழ் அடுக்கைக் காரணமாகச் சொன்னது. ரேடாரில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் அதை ஏற்கவில்லை, அந்த வாதம் இன்றும் நடக்கிறது. திரையை அப்படியே பதிவு செய்து வைக்கும் வசதி அன்று இருந்திருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

அப்போ ரேடார்ல ஒண்ணும் தெரியலன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்கலாமா?

அதுவும் கூடாது. இதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2012-ல் லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் மஞ்சள் ஒளி உருண்டைகள் வருவதாக ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் அறிக்கை மேல் அறிக்கை அனுப்பின. ரேடாரைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, ரேடாருக்குத் தெரியவில்லை, எனவே உலோகம் இல்லாத ஏதோ நூதனப் பொருள் என்று செய்திகள் வந்தன.

பிறகு இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம். ஒளிகள் எந்த நேரத்தில் எந்தத் திசையில் இருந்தன என்று பார்த்து, அவை வெள்ளியும் வியாழனும்தான் என்று அவர்கள் சொன்னது 2013-ல் வெளியானது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோள் எல்லைக்காவல் ரேடாருக்கு எப்படித் தெரியும்? ரேடாரின் மௌனம் சரியான தகவல். "இந்தப் பொருள் என் எல்லைக்குள் இல்லை" என்று அது சொன்னதை "உலோகம் இல்லாத பொருள்" என்று படித்ததுதான் கோளாறு.

'வாவ்' சிக்னல்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேற்றுகிரகத்துலேர்ந்து வந்ததுதானே?

1977 ஆகஸ்ட் 15-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் இருந்த 'பெரிய காது' என்ற ரேடியோ தொலைநோக்கி அதைப் பதிவு செய்தது. ஹைட்ரஜன் அணு ரேடியோ அலை வீசும் 1420 மெகாஹெர்ட்ஸுக்கு மிக அருகில், 72 விநாடி. சில நாள் கழித்து கணினித் தாளைப் புரட்டிய வானியலாளர் ஜெர்ரி ஏமன் அந்த இடத்தைச் சுழித்து ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். அந்தத் தொலைநோக்கி நகராது. பூமி சுழல்வதால் வானம் அதன் மேலே கடந்து போகும், ஒரு புள்ளி கடக்க 72 விநாடிதான் ஆகும். சிக்னலும் சரியாக ஏறி இறங்கியது. ஆகவே வானில் ஒரு நிலையான புள்ளியிலிருந்து வந்தது போன்ற குணம் அதற்கு உண்டு. இது அதன் பலம்.

பலவீனமும் அதே கருவியில்தான். ரேடியோ அலையைப் பிடிக்கும் வாங்கிகள் அதற்கு அடுத்தடுத்து இரண்டு உண்டு. ஒன்றில் பட்டது சுமார் மூன்று நிமிட இடைவெளியில் மற்றதிலும் பட்டிருக்க வேண்டும். படவில்லை. பிறகு அதே தொலைநோக்கியும் வேறு பெரிய தொலைநோக்கிகளும் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தன, மறுபடி வரவில்லை. கையில் மிஞ்சியது தாளில் அச்சான ஆறு எழுத்துகள், ஒவ்வொன்றும் 12 விநாடிக்கு ஒரு வலிமை அளவு. சிக்னலுக்குள் செய்தி இருந்ததா என்று பார்க்க அதில் வழியே இல்லை. வேற்றுகிரகத்தது என்றும் சொல்ல முடியாது, வேறு எதுவோ என்றும் அடித்துச் சொல்ல முடியாது. அதை விளங்காததாகவே விட்டுவைப்பதுதான் நேர்மை.

ஒரே ஒரு தடவதான் வந்துச்சுங்கறதுக்காக ஒதுக்கிடுவீங்களா? நியாயமா?

ஒதுக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை வந்ததிலிருந்து பெரிய கண்டுபிடிப்பு பிறந்திருக்கிறது, அதில் நம் மலைக்கும் பங்கு உண்டு. வாவ் சிக்னலுக்கு ஐந்து மாதம் முன்னால், 1977 மார்ச் 10-ல், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்க ஜவ்வாது மலையில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளியை நொடிக்கு நொடி அளந்துகொண்டிருந்தபோது, எதிர்பாராத ஒரு மங்கல் பதிவானது. யுரேனஸ் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

அந்த ஒரு மங்கலை வைத்து என்ன சொல்ல முடியும்? மேகமா, கருவிக் கோளாறா, தெரியாத துணைக்கோளா? அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த குய்ப்பர் வான் ஆய்வகம் (தொலைநோக்கி பொருத்திய விமானம்), கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து மங்கல்களைச் சமச்சீராகப் பதிவு செய்தது. இரு பக்கமும் ஒரே தூரத்தில் இருப்பது வளையமாகத்தான் இருக்க முடியும். சனிக்கு மட்டுமே வளையம் என்று இருந்த வானியலில் யுரேனஸின் வளையங்கள் அன்று சேர்ந்தன. காவலூரின் பதிவு அதற்குத் துணைச் சான்றானது.

வாவ் சிக்னலும் ஒரே தடவை, இதுவும் ஒரே தடவை. வேறுபாடு, இங்கே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கருவிகள் ஒரே நிகழ்வைத் துல்லியமான நேரத்தோடு எழுதி வைத்திருந்தன. ஆலங்காயம் சாலையில் காவலூரைக் கடக்கும்போதெல்லாம் இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பக்கத்து நட்சத்திரத்துலேர்ந்து சிக்னல் வந்துச்சுன்னு 2020-ல நியூஸ் வந்துச்சே, அது இன்னா ஆச்சு?

சூரியனுக்கு மிக அருகில் உள்ள பிராக்சிமா செண்டாரியை பார்க்ஸ் தொலைநோக்கி 2019-ல் பார்த்தபோது 982 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறுகிய சிக்னல் ஒன்று கிடைத்தது. தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பியபோது காணவில்லை, அதனால் சூடு பிடித்தது. பழைய தரவு முழுவதையும் சலித்தபோது இதே போக்கில் நகரும் சிக்னல்கள் வேறு அலைவரிசைகளிலும் கிடைத்தன. அவற்றில் சில, தொலைநோக்கி வேறு திசையில் இருந்தபோதும் வந்திருந்தன. பூமியில் உள்ள மின்னணுக் கருவிகளின் கலப்பு அது என்று 2021 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். மூலத் தரவு முழுவதையும் சேமித்து வைத்ததால்தான் இந்த முடிவு கிடைத்தது. வாவ் சிக்னலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எத கேட்டாலும் 'இல்ல இல்ல'ன்னே சொல்றீங்க. விளங்காத சிக்னல் எதாவது நெஜமாவே புதுசா இருந்துக்கீதா?

இருந்திருக்கிறது, அதுவும் பிரமாதமாக. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், பதிவுத் தாளில் ஒரு சின்னக் கீறலைப் பார்த்தார். 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் தோற்கும் ஒழுங்கு. வேற்றுகிரகவாசிகளைக் குறிக்கும் பட்டப்பெயரைக்கூட அதற்கு வேடிக்கையாக வைத்திருந்தார்கள். வானின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பு கிடைத்ததும் அந்த எண்ணம் போயிற்று. பல்சார் என்ற புது வகை விண்பொருள் தெரியவந்தது.

விண்ணிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறையும் அதிவேக ரேடியோ வெடிப்புகளின் கதையும் இப்படித்தான். 2001-ல் பதிவான தரவிலிருந்து 2007-ல் முதல் வெடிப்பைக் கண்டெடுத்தார்கள். பெரிட்டான் குழப்பத்தால் அதையும் சந்தேகப்பட்டார்கள். 2020 ஏப்ரல் 28-ல் நம் பால்வீதியிலேயே உள்ள ஒரு காந்த நட்சத்திரம் அப்படி வெடித்ததை கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த தனித்தனி வாங்கிகள் ஒரே கணத்தில் பிடித்தன. எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்களும் பிடித்தன. வாதம் அங்கே அடங்கியது.

அமெரிக்க கடற்படை வீடியோவுல பைலட்டே பதறுறாரு. ரேடார், இன்ஃப்ராரெட் எல்லாம் பதிவாச்சே, அதையும் இல்லம்பீங்களா?

மூன்று வீடியோக்களை 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அவை அசல்தான். அதில் ஒன்றில் ஒரு பொருள் கடல் மட்டத்தை ஒட்டி அசுர வேகத்தில் ஓடுவது போலத் தெரியும். ஆனால் அந்தத் திரையிலேயே தூரம், கோணம், விமானத்தின் உயரம் எல்லாம் எண்களாக இருக்கின்றன. நாசாவின் நிபுணர் குழு 2023 செப்டம்பர் அறிக்கையில் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டது. பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில், மணிக்கு 40 மைல் வேகத்தில் இருந்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் வீசும். வேகம் விமானத்துடையது, பின்னணியில் கடல் ஓடியதால் பொருள் ஓடுவதாகத் தெரிந்தது.

2004 நவம்பரில் அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானம்தாங்கிக் கப்பலின் குழு விளங்காத பொருள் ஒன்றைக் கண்டது வேறு விஷயம். போர்க்கப்பல் ரேடாரும் விமானிகளின் கண்ணும் ஒன்றைச் சொல்கின்றன. அந்த விமானிகளை நான் மதிக்கிறேன், அவர்கள் ஏதோ ஒன்றைப் பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ரேடார் பதிவு பொதுவெளியில் இல்லை. வெளிவந்த வீடியோவும் அவர்கள் கண்ணால் கண்ட தருணத்தில் எடுத்ததல்ல, பிறகு வேறொரு விமானத்திலிருந்து எடுத்தது. ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் பதிவு செய்ததை நம்மால் ஒட்டிப் பார்க்க முடியாத வரை, அது வாவ் சிக்னலின் நிலையில்தான் நிற்கும்.

நாட்றம்பள்ளி காலேஜ்ல விண்கல் விழுந்து ஆளே செத்தாரே, அது மட்டும் நெஜம்தானே?

ஒரு குடும்பத்தின் துக்கம் அதில் இருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 2016 பிப்ரவரி 6-ல் நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஏற்பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், மேலும் சிலர் காயமடைந்தனர், தரையில் பள்ளம் விழுந்தது. விண்கல் விழுந்ததாக அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்து ஒரு லட்ச ரூபாய் நிவாரணமும் வழங்கினார். இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், அது தரையில் நடந்த வெடிப்பு போலவே இருக்கிறது என்றார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தினரும் இடத்துக்கு வந்து பார்த்தார்கள்.

விண்கல்லாக இருந்தால் கருவிகளில் என்ன தெரிந்திருக்கும்? சிறு கல் தரைக்கு வரும்போது வேகம் இழந்து வெறும் கல்லாக விழும், வெடிக்காது. வெடிக்கும் அளவுக்குப் பெரிதென்றால் அதன் தீக்கோளம் பல மாவட்டங்களுக்குத் தெரிந்திருக்கும், இடி முழக்கம் கேட்டிருக்கும். 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே சுமார் 20 மீட்டர் விண்பாறை வெடித்தது. எத்தனையோ கார் கேமராக்களிலும், காதுக்குக் கேட்காத ஒலியை அளக்கும் உலகளாவிய நிலையங்களிலும் பதிவானது. அது சூரியனைச் சுற்றி வந்த பாதையையே கணக்கிட்டார்கள். நாட்றம்பள்ளிக்கு அப்படி ஒரு பதிவும் வரவில்லை. பகல் வானத்தில் பெரிய தீக்கோளம் வந்து ஒரு கேமராகூடப் பார்க்காமல் போவது எனக்கு நம்பும்படியாக இல்லை.

பூமி அதிர்ச்சி கருவில பதிவானா விண்கல்னு நம்பலாமா?

தனியாக நம்ப முடியாது. 2014 ஜனவரி 8-ல் பாப்புவா நியூ கினி பக்கம் ஒரு தீக்கோளம் கடலில் விழுந்தது. மானுஸ் தீவின் நில அதிர்வுக் கருவியில் இருந்த ஒரு சிக்னலை அதோடு சேர்த்துப் பேசினார்கள். 2024-ல் வேறொரு குழு அந்த அதிர்வின் திசை எப்படி மாறியது என்று ஆராய்ந்து, அது பக்கத்துச் சாலையில் போன லாரி என்றது. மறுபடியும் மைக்ரோவேவ் அடுப்புதான்.

போன்ல காந்த மீட்டர் ஆப் போட்டிருக்கேன். ஒளி வந்தப்ப முள்ளு எகிறுச்சு. அதுக்கு இன்னா சொல்றீங்க?

நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. போனில் உள்ள சென்சார் திசைகாட்டிக்காக வைத்தது. போனைத் திருப்பினாலே அளவு ஆடும். ஸ்பீக்கரின் காந்தம், பைக், இரும்பு கேட், மொட்டைமாடித் தூணின் கம்பி எல்லாம் அதைப் பாதிக்கும். ஒளி வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? போனை உயர்த்தியிருப்பீர்கள், ஓடியிருப்பீர்கள். ஒரு வாரம் போனை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, ஒன்றும் வராத இரவுகளில் முள் எப்படி ஆடுகிறது என்று எழுதி வையுங்கள். சாதாரண நாளின் அளவு தெரியாமல் அசாதாரணத்தைச் சொல்ல முடியாது.

எல்லாத்தையும் விளக்கினாலும் கொஞ்சம் மிச்சம் கீதுல்ல? அந்த மிச்சம்தானே ஆதாரம்?

மிச்சம் எப்போதும் இருக்கும். யுஎஃப்ஓ புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது 12,618 வழக்குகளில் 701 விளங்காமல் இருந்தன. 2021 ஜூனில் வந்த அமெரிக்க உளவுத்துறை அறிக்கையில் இப்படிப்பட்ட 144 பதிவுகளில் ஒன்றே ஒன்றுதான் உறுதியாக அடையாளம் தெரிந்தது, காற்று இறங்கிய பெரிய பலூன். முதல் கணக்கில் மிச்சம் கொஞ்சம், இரண்டாவதில் மிச்சம்தான் எல்லாமே. அதனால் 2021-ல் வேற்றுகிரகவாசிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. விளக்கத் தேவையான தகவல் இருந்ததா இல்லையா என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன.

மறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த 144-ல் 80 பதிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்களில் வந்தவை. "எல்லாம் வெள்ளி கிரகம்தான்" என்று கையை உதறுவது ஆராய்ச்சி ஆகாது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் தெரியும் ஒளிகளுக்காக 1998 முதல் தானியங்கி நிலையமே இயங்குகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இன்னும் இல்லை. அங்கே உட்கார்ந்து அளப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கவர்மென்ட் மறைக்குதுன்னு சொல்றாங்களே?

ராணுவக் கருவியின் பதிவு வெளியே வந்தால் அந்தக் கருவி எவ்வளவு தூரம், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதும் வெளியே வரும். படத்தில் பலூன் இருந்தாலும் ரகசியம் கேமராவில் இருக்கிறது. இதனால் மறைப்பது நடக்கிறது, அது ஆராய்ச்சிக்குப் பெரிய கேடு. ஆனால் மறைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டி பூட்டியிருப்பதை வைத்துச் சொல்ல முடியாது. யாரும் பூட்ட முடியாத பதிவு வேண்டுமென்றால் பொதுமக்களின் கருவிகளும் பல்கலைக்கழகக் கருவிகளும்தான் வழி.

அப்போ நாங்களே கருவி வெச்சு பாக்கலாமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தாராளமாக. விலை உயர்ந்த ஒரு கேமராவைவிடச் சாதாரணமான இரண்டு கேமரா மேல். ஒன்று வேலூரில், ஒன்று வாணியம்பாடிப் பக்கம், இடையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் இருக்கட்டும். இரண்டும் ஒரே இரவு முழுக்க வானத்தைப் பதிவு செய்யட்டும். இணையத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ கடிகாரம் நொடி பிசகாமல் இருக்க வேண்டும். நடுவே 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகல் பாய்ந்தால் இரண்டு கேமராவிலும் அது இருக்கும் திசை முப்பது டிகிரி வரை மாறித் தெரியும். 10 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் போனால் ஒரு கேமராவுக்குத் தென்மேற்கு அடிவானத்துப் பக்கம், மற்றதற்கு வடகிழக்கு அடிவானத்துப் பக்கம். வெள்ளி என்றால் மாறவே மாறாது. உயரமும் வேகமும் தெரிந்துவிட்டால் பாதிக்குமேல் வாதம் முடிந்துவிடும். நட்சத்திரங்களே அளவுகோல் என்பதால் தனியாக அளவிடும் கருவியும் வேண்டாம்.

கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி ஒன்றும் சேர்த்தால், ஒளி தெரிந்த நேரத்தில் ரேடியோவில் என்ன மாறியது என்று பார்க்கலாம். பார்க்ஸில் செய்தது போல உள்ளூர் இரைச்சலை முதலில் படித்துவிடுங்கள்: எல்இடி விளக்கு, பம்ப்செட் ஸ்டார்ட்டர், சோலார் இன்வெர்ட்டர், எல்லாமே இரையும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு வரும். கருவியைச் சோதிக்க அதைவிட நல்ல இரவு கிடையாது, என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

சரி, ரெண்டு கருவியும் ஒண்ணா பதிவு பண்ணிடுச்சு. அப்பவாவது ஒத்துக்குவீங்களா?

ஏதோ ஒன்று நடந்தது என்று உடனே ஒத்துக்கொள்வேன். அது என்ன என்பதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. இதற்கும் காவலூரே உதாரணம். 1972-ல் வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் காவலூரிலும் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் அளந்தார்கள். இரண்டு இடத்துப் பதிவையும் வைத்து கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று ஓர் அழுத்த அளவோடு அறிவித்தார்கள். 1979-ல் வாயேஜர் 1 விண்கலம் அருகே போய் அளந்தபோது, அந்த அளவு பல்லாயிரம் மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 1995-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பதைக் காட்டியது.

இரண்டு கருவிகளும் ஒரே மாதிரி அளந்தால் ஒரே மாதிரித் தவறவும் கூடும். ஆகவே இரண்டாவது கருவி வேறு வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று ஒளியை அளந்தால் மற்றது ரேடியோவையோ ஒலியையோ அளக்கட்டும். வேறு வேறு ஆட்கள் தனித்தனியாகக் கணக்குப் போடட்டும், மூலப் பதிவு யார் கேட்டாலும் கிடைக்கட்டும். இத்தனைக்கும் நின்று, தெரிந்த எதோடும் பொருந்தாத ஒரு பதிவு ஏலகிரி மேலேயோ பாலாற்றுப் படுகையிலோ கிடைத்தால் முதலில் ஓடி வருகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்னிக்கி ராத்திரியே எதாவது பாத்தா, கைல ஒண்ணும் இல்ல, இன்னா பண்ணட்டும்?

மணி பார்த்து நிமிடம் வரை எழுதிக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் காலடியில் கோடு போட்டுவிடுங்கள். ஒளி எந்த மரம், எந்தக் கம்பத்துக்கு மேலே இருந்தது என்று குறியுங்கள், மறுநாள் பகலில் அதே கோட்டில் நின்று திசையை அளக்கலாம். கையை நீட்டி முஷ்டி பிடித்து, ஒளி அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. சத்தம் இருந்ததா, எப்போது மறைந்தது, மேகத்துக்கு முன்னா பின்னா என்பதையும் சேருங்கள்.

பிறகு, கூட இருந்தவரிடம் பேசுவதற்கு முன்னால் அவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பேசிவிட்டால் இரண்டு சாட்சி ஒரு சாட்சியாகிவிடும். வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, "வானத்துல இப்ப என்ன தெரியுது, எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லாதீர்கள்.